மீன்கடைக்காரர் மீன்கடைக்காரராகவே இருக்கட்டும்: ஜப்பானியத் தொடர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானின் தனியார் தொலைக்காட்சி நிலையங்களில் காதல் நகைச்சுவைத் தொடர்களைத் திட்டமிடும் தயாரிப்பாளர்களுக்கும், அவற்றுக்குத் திரைக்கதை எழுதுவோருக்கும்,

வணக்கம்.

டோக்கியோவின் எடோகாவா வட்டாரத்தில், நிஷிகசாய் ரயில் நிலையத்துக்கு அருகில் வசிக்கும் தமிழ்ப் பெண் நான். கணவருக்குக் கணினித் துறையில் வேலை கிடைத்து இங்கே குடிவந்தபோது எனக்கு ஜப்பானிய மொழியில் நன்றி சொல்ல மட்டுமே தெரியும். மற்றதையெல்லாம் கற்றுக்கொடுத்தவை உங்கள் தொடர்கள்தான். வாரம் ஒரு பகுதி, மொத்தம் பத்து அல்லது பதினொரு பகுதி, மூன்று மாதத்தில் கதை முடிந்துவிடும் என்ற உங்கள் ஒழுங்கு, ஆண்டுக்கணக்கில் ஓடும் நெடுந்தொடர்களைப் பார்த்து வளர்ந்த எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. இது பணக் கணக்கைப் பற்றியது. ஜப்பானிய மொழியில் எழுத உட்கார்ந்தால் சரியான மரியாதைச் சொல்லைத் தேடுவதிலேயே எனக்குக் கணக்கு தப்பிவிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தனியே அனுப்பிவைக்கிறேன்.

கல்யாணத்தையும் அந்தஸ்தையும் பற்றி உங்களைப் போல் கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டே பேசுகிறவர்கள் குறைவு. வீட்டு வாடகை எவ்வளவு, மாப்பிள்ளையின் சம்பளம் எவ்வளவு, எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்பதையெல்லாம் உங்கள் பாத்திரங்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகின்றன. உங்கள் நாட்டில் 'ஒமியாய்' என்ற பெண் பார்க்கும் சந்திப்புக்கு முன் கைமாறும் 'ட்சுரிகாகி' தாளும், எங்கள் வீடுகளில் ஜாதகத்தோடு வரும் பயோடேட்டாவும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவைதான் என்பதால், இந்தக் கேள்விகள் எனக்குக் கொச்சையாகத் தோன்றியதே இல்லை. என் குறை வேறு. பத்து வாரம் வரவுசெலவு எழுதிவிட்டு, கடைசி வாரத்தில் அந்த நோட்டை நீங்கள் மூடிவைத்துவிடுகிறீர்கள்.

'யமாதோ நதேஷிகோ'வையே எடுத்துக்கொள்கிறேன். 2000 அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஃபுஜி தொலைக்காட்சியின் திங்கள் இரவு ஒன்பது மணி நேரத்தில் வந்து, இறுதிப் பகுதியில் டோக்கியோவைச் சுற்றிய கான்டோ வட்டாரத்து வீடுகளில் 34.2 சதவீதப் பார்வையாளர் அளவை எட்டிய தொடர் அது. மட்சுஷிமா நனாகோ நடித்த சகுராகோ ஒரு விமானப் பணிப்பெண். தோயாமா மாவட்டத்து மீனவரின் மகள். வறுமையைத் தின்று வளர்ந்தவள். மறுபடி அதன் வாசலை மிதிக்கக் கூடாது என்பதற்காகவே பணக்காரக் கணவனைத் தேடுகிறாள். பெண்களும் ஆண்களும் சம எண்ணிக்கையில் கூடி அறிமுகமாகும் 'கோகோன்' விருந்துகளுக்கு அவள் போகும்போது உடுத்தும் ஆடைகளையும், திரும்பி வந்து அவற்றைக் கழற்றி மாட்டும் இடிந்துவிழும் நிலையிலுள்ள அந்த வாடகை அறையையும் அடுத்தடுத்துக் காட்டினீர்கள். சம்பளம் எங்கே போகிறது என்று எவரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. பணக்கார வீட்டுக்கு மருமகளாகப் போவதை உங்கள் மொழியில் 'தமா நோ கொஷி' என்கிறீர்கள். மணிப்பல்லக்கு என்று பொருள். அந்தப் பல்லக்கில் ஏற ஒரு பெண் எவ்வளவு முதல் போட வேண்டியிருக்கிறது என்பதை அந்த அறையைப் போலக் காட்டிய காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவள் காதலிக்கப்போகிறவர், ட்சுட்சுமி ஷினிச்சி நடித்த ஓசுகே. சட்டையில் குத்தியிருக்கும் பந்தயக்குதிரை உரிமையாளர்களின் சின்னத்தைப் பார்த்து அவரைப் பணக்கார மருத்துவர் என்று அவள் நினைத்துவிடுகிறாள். உண்மையில் அவர், தந்தை விட்டுச்சென்ற சிறிய மீன்கடையைத் தாயோடு சேர்ந்து நடத்துகிறவர். இங்கே கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அவள் அப்பா கடலில் பிடிக்கிறார். இவர் கடையில் விற்கிறார். மீனவர் மகளும் மீன்கடைக்காரரும் ஒரே சரக்கின் இரு முனையில் நிற்கிறவர்கள். அவள் அஞ்சி ஓடிவந்த வாடை அவர் கைகளில் இருக்கிறது. அந்த வாடையை அடையாளம் தெரிந்த ஒரே பெண்ணும் அவள்தான். ஒரு காதல் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் உங்களுக்கு அது போதவில்லை. ஓசுகே அமெரிக்காவின் புகழ்பெற்ற எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டீர்கள். கடைசியில் அவர் கணிதத்துக்குத் திரும்பி நியூயார்க் போகிறார். மருத்துவமனை வாரிசோடு நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை விட்டுவிட்டு வந்த சகுராகோ அங்கே போய் அவரோடு சேர்கிறாள். பார்த்து முடித்த இரவில் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது: அவள் கடைசிவரை ஒரு மீன்கடைக்காரரைக் கட்டிக்கொள்ளவே இல்லை. சில காலம் மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு கணித மேதையைத்தான் கட்டிக்கொண்டாள். பணத்தைத் தள்ளிவிட்டுக் காதலைத் தேர்ந்தெடுத்ததாக எங்களிடம் சொன்னீர்கள். உண்மையில் பணத்துக்குப் பதிலாகப் பட்டத்தை வைத்தீர்கள். பல்லக்கு மாறியது, பல்லக்கு இல்லாமல் போகவில்லை.

இது ஒரு தொடரின் குறை என்றால் எழுதியிருக்க மாட்டேன். 2012இல் அதே திங்கள் ஒன்பது மணிக்கு வந்த 'ரிச் மேன், புவர் வுமன்' தொடரில், இளம் கணினி நிறுவன முதலாளிக்கு எதிரே நிறுத்தப்பட்ட அந்த 'ஏழைப் பெண்' யார்? டோக்கியோ பல்கலைக்கழக மாணவி. வேலை கிடைக்காமல் அலைகிறாள் என்பது உண்மைதான். ஆனாலும் நாட்டின் முதல் பல்கலைக்கழகத்தில் படிப்பவளை ஏழை என்று அழைக்க ஒரு துணிச்சல் வேண்டும். 2005இல் டிபிஎஸ் தொலைக்காட்சி வழங்கிய 'ஹனா யோரி தாங்கோ' இந்த விஷயத்தில் ஒரு படி நேர்மையானது. சீமான் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியில் படிக்கும் ட்சுகுஷியின் குடும்பம் நிஜமாகவே பஞ்சத்தில் இருக்கிறது. பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைத்துவிடாதா என்று பெற்றோர் வெட்கமில்லாமல் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்தைக் கேலியாக மட்டும் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் வருத்தம்.

உங்களால் வேறு மாதிரி எழுத முடியாது என்று நான் சொல்லவில்லை. முடியும் என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்திருக்கிறீர்கள். 2016 அக்டோபரில் டிபிஎஸ் தொடங்கிய 'நிகேஹாஜி' தொடரை நான் பார்த்தபோது என் கைப்பையில் இருந்த குடியிருப்பு அட்டையின் முன்பக்கத்தில், வேலை செய்ய அனுமதி இல்லை என்று நான்கு கான்ஜி எழுத்துகள் அச்சிட்டிருந்தன. பணியாளரின் குடும்பத்தார் என்ற விசாவில் வருகிறவர்களுக்கு அப்படித்தான் அச்சிடுவார்கள். தனியாக விண்ணப்பித்தால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்று பின்பக்கத்தில் முத்திரை விழும். நான் அப்போது விண்ணப்பித்திருக்கவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு வேளை உணவைச் சமைத்துக் கட்டிக்கொடுத்து, துணி துவைத்து, ஆறு வகைக் குப்பையைப் பிரித்து அந்தந்த நாளில் வெளியே வைத்துவிட்டு, வேலை செய்ய அனுமதி இல்லாதவளாக நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பார்த்தேன்.

நோகி அகிகோவின் திரைக்கதையில், முதுகலை படித்தும் நிரந்தர வேலை கிடைக்காமல் ஒப்பந்த வேலையிலிருந்தும் நீக்கப்பட்ட மிகுரி, ஹிரமசா என்ற மென்பொருள் பொறியாளரின் வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். பிறகு ஊருக்கு மனைவியாகவும் ஒப்பந்தப்படி ஊழியராகவும் மாதம் 1,94,000 யென் சம்பளத்துக்கு அங்கேயே தங்குகிறாள். அந்தத் தொகை திரையில் வந்தபோது எழுந்துபோய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்தேன். என்ன கணக்குப் போட்டேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. என் கணவர் இதைப் படிப்பார்.

பத்தாவது பகுதியில் ஹிரமசா கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறான். சட்டப்படி மணந்துகொண்டால் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, அந்தப் பணத்தைச் சேமிக்கலாம் என்று கணக்கோடு வருகிறான். அவனுக்கே வேலை போகப்போகிறது என்பது பின்னணி. எந்தத் தொடரிலும் கதாநாயகி அழுதுகொண்டே சம்மதிக்கும் இடம் அது. மிகுரி சம்மதிக்கவில்லை. அன்பு இருக்கிறது என்பதற்காக உழைப்பை இலவசமாக வாங்குவது காதலின் பெயரால் செய்யும் சுரண்டல் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். இறுதிப் பகுதியில் இருவரும் பிரிந்துவிடவும் இல்லை, கணக்கை மறந்துவிடவும் இல்லை. வீட்டைக் கூட்டாக நிர்வகிக்கும் இரு பொறுப்பாளர்களாக மறுபடி பேசத் தொடங்குகிறார்கள். அதில் எரிச்சல் உண்டு, சோற்றை யார் வைப்பது என்ற சண்டை உண்டு. நோட்டு திறந்தே இருக்கிறது. கூட்டல் கழித்தல் வந்தால் பார்வையாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று உங்கள் கூட்டங்களில் எவரேனும் சொன்னால், முதல் வாரம் 10.2 சதவீதத்தில் தொடங்கிய அந்தத் தொடர் 20.8 சதவீதத்தில் முடிந்ததை எடுத்துக்காட்டுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், உங்கள் நாட்டில் கல்யாணச் சந்தையின் கோடு இடம்மாறிவிட்டது என்பதுதான். 1980களின் செழிப்புக் காலத்தில் உயரம், படிப்பு, வருமானம் மூன்றும் உயர்ந்திருக்க வேண்டும் என்று பெண்கள் கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார்கள். இன்று மருத்துவருக்கும் மீன்கடைக்காரருக்கும் இடையிலுள்ள தூரத்தைவிட, ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் உட்காரும் நிரந்தர ஊழியருக்கும் ஒப்பந்த ஊழியருக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. ஊழியர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் நிரந்தரமில்லாதவர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஐம்பது வயதுக்குள் ஒருமுறையேனும் மணம் செய்துகொள்ளாதவர்கள் ஆண்களில் 28 சதவீதத்துக்குச் சற்று மேல். பெண்களில் 18 சதவீதத்தை ஒட்டி. அந்த ஆண்களில் எத்தனை பேருக்கு எம்ஐடி பட்டம் இருக்கும்? உங்கள் தொடரில் தங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போகிறவர்கள் அவர்கள்தான்.

நகைச்சுவைத் தொடரில் சோகக் கணக்கு எதற்கு என்பீர்கள். சோகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2015இல் வந்த 'டேட்டோ' தொடரில், அரசுப் பணியில் இருக்கும் பெண்ணும், படித்துவிட்டு வேலைக்கே போகாமல் தாயின் உழைப்பில் வாழ்ந்துகொண்டு மனைவி சம்பாதித்துப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆணும் கல்யாண ஒப்பந்த விதிகளைப் பேசுவதை எழுதினீர்களே, அதில் நான் சிரித்ததைப் போல வேறெதிலும் சிரித்ததில்லை. பணக் கணக்கே உங்கள் நகைச்சுவையின் ஊற்று. காதலைச் சொன்னதும் அந்த ஊற்றை அடைத்துவிடுகிறீர்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஒரு மீன்கடைக்காரரைக் கதாநாயகனாக்கினால் அவருக்கு ஒளித்துவைத்த பட்டம் எதுவும் கொடுக்காதீர்கள். கல்யாணத்தைப் பத்தாவது பகுதியில் வைக்காமல் ஐந்தாவது பகுதியில் வையுங்கள். மிச்சமுள்ள ஆறு வாரத்தில் அந்தக் கடைக்கு எதிரே ஒரு பேரங்காடி திறக்கட்டும். எங்கள் பகுதியில் இரவு ஏழரை மணிக்கு மேல் பேரங்காடி ஊழியர் ஒருவர் மீன் பெட்டிகளின் மேல் பாதி விலை என்ற சிவப்பு மஞ்சள் சீட்டை ஒட்டிக்கொண்டே போவார். கூடையோடு நான்கைந்து பேர் வேறெதையோ தேடுவதுபோல் அவர் பின்னாலேயே நடப்போம். அந்த வரிசையில் கடைக்காரரின் மனைவி, கணவர் கண்ணில் படாமல், எங்களோடு வந்து நிற்கும் காட்சியை யாராவது எழுதுங்கள்.

மரியாதையுடன்,
நிஷிகசாயிலிருந்து ஒரு பார்வையாளர்