அண்ணாநகர் உழவர் சந்தை கீரைக்கார அக்காவுக்கு

ஞாயித்துக்கெழம காலைல அம்மாவோட மதுர அண்ணாநகர் உழவர் சந்தைக்கு போனேன், 1999ல தமிழ்நாட்டுலயே மொதல்ல தொறந்த உழவர் சந்தை அதுதான், அம்மாவுக்கு காய்னா அங்கதான். விலைப் பலகைய பாத்துக்கிட்டு நின்னவங்க திடீர்னு கண்ணக் கட்டுதுன்னு சரிஞ்சுட்டாங்க. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.

அக்கா, நீங்கதான் ஏவாரத்த அப்படியே போட்டுட்டு ஓடி வந்து, சாக்க விரிச்சு உக்கார வச்சு, உங்களுக்குன்னு தூக்குவாளில கொண்டாந்த நீச்சத்தண்ணிய சின்ன வெங்காயத்தோட குடுத்து, முந்தானையால வெசிறிக்கிட்டே "ஒண்ணுமில்லம்மா, வெறும் வயித்தோட வந்துருப்பீக"ன்னு சொன்னீங்க. கீரை விக்கிறதே காலைலதான, அந்த அரை மணி நேரம் உங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும்.

காசு நீட்டுனா வாங்கல, ஒரு கட்டு முருங்கக்கீரைய வேற பைல திணிச்சு விட்டீங்க. பதட்டத்துல பேர்கூட கேக்கலக்கா. அம்மா இப்ப நல்லாருக்காங்க. வர்ற ஞாயிறு உங்களுக்கு பணியாரம் சுட்டு எடுத்துட்டு வர்றாங்களாம், அதே எடத்துல இருங்கக்கா.