பிரஷர் பார்க்கும்போது இதையும் கேளுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் கிளினிக் நடத்தும் வைத்தியர்களுக்கும் சுகாதார நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் வருகிற எங்கள் சனத்துக்கு, குளிசையோடு ஒரு வசனமும் இலவசமாகக் கிடைக்கிறது: "கனக்க யோசிக்காதேங்கோ." வாசல் வரை வரிசை நிற்கும்போது வேறென்ன சொல்ல முடியும் என்பது விளங்குகிறது. ஆனாலும் எதை யோசிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதை நான் காண்பது அரிது. கேட்க வேண்டும். எல்லா மன அழுத்தமும் உடம்பில் ஒரே வேலையைச் செய்வதில்லை.

நிலாவெளிக் கடலில் திடீர்க் காற்றில் மாட்டிய மீனவரை எடுங்கள். அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஈரல் சேமித்த சீனியை இரத்தத்துக்குள் விடுகிறது, சமிபாடு மெதுவாகிறது. கரைக்கு வந்தால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இந்த அழுத்தம் அவரைக் காப்பாற்ற வந்தது. இதற்குக் குளிசை தேவையில்லை.

அதே மனிதர் வாடைக் காலத்தில் தொழிலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கிறார். நகை அடகில் இருக்கிறது. மனைவி எடுத்த வாரக்கடனின் தவணையைக் கேட்டு ஆள் வருகிறார். இந்த அழுத்தத்துக்குக் கரை கிடையாது. கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோன் மாதக்கணக்கில் ஒழுங்கு கெட்டுக் கிடந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, வயிற்றில் கொழுப்பு சேரும், பிரஷர் ஏறும், நித்திரை முறியும். நித்திரை முறிந்தால் சீனி இன்னும் ஏறும். "மருந்து ஒழுங்காத்தான் எடுக்கிறன் டொக்டர்" என்று அவர் சொல்வது சில வேளை உண்மையாகவே இருக்கலாம்! 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஓர் ஆய்வு வெளியானது. ஞாபகமறதி நோயாளியான உறவினரை நெடுநாள் பராமரித்த பெண்களுக்கும் மற்றப் பெண்களுக்கும் தோலில் ஒரே அளவு சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாக எடுத்தது. அவர்கள் சீனி வருத்தக்காரர் அல்லர். ஆனால் ஆறாத கால் புண்ணோடு கிளினிக் வாங்கில் இருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 9 நாள்தான் நினைவுக்கு வருகிறது.

மூன்றாவது வகை, பழைய அதிர்ச்சி விட்டுப்போன அழுத்தம். எங்கள் மாவட்டத்தில் அது நிறையவே உண்டு. 2004 டிசம்பர் 26இல் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் ஷெல்லுக்குள் ஓடியவர்கள். 2012 ஏப்ரல் 11இல் சுனாமி எச்சரிக்கை வந்தது, அலை வரவில்லை. ஆனாலும் கரையோரத்தில் பலருக்கு அன்றிரவு நித்திரையும் வரவில்லை. பட்டாசு வெடித்தால் திடுக்கிடுவது, கெட்ட கனவு, பரிசோதனையில் ஒன்றும் தெரியாத உடம்பு உளைவு, வயிற்றுக் கோளாறு, இதெல்லாம் இந்த வகையில் வரக்கூடியவை. இவர்களிடம் "யோசிக்காதேங்கோ" என்று சொல்வதில் பயனில்லை. யோசிக்காமல் இருக்கத்தான் அவர்கள் இத்தனை வருடமாகப் பாடுபடுகிறார்கள்.

கேட்பது பெரிய விஷயமில்லை. பிரஷர் பார்க்கிற நேரத்திலேயே தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ மூன்று கேள்வி கேட்கலாம்: நித்திரை எப்படி? வீட்டில் என்ன சுமை? எப்போதிருந்து? பதிலைக் கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதினால் போதும். வரிசைக்கு முன்னால் மட்டும் கேட்காதீர்கள். கடன் கதையைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்கும்படி யாரும் சொல்ல மாட்டார்கள். கடனை நீங்கள் அடைக்க வேண்டாம், மருந்தைக் கூட்டுவதற்கு முன் காரணம் தெரிந்திருந்தால் போதும்.

தமிழில் பேசக்கூடிய உளவளத்துணையாளர் ஒருவர் அதே பிரஷர் கிளினிக்கில் இருக்கட்டும். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் "விசர் எண்டு சொல்லுவினம்" என்று பாதிப் பேர் போகவே மாட்டார்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் தமிழில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

முதலில் ஒரேயொரு கிளினிக்கில் மூன்று மாதம் செய்து பாருங்கள். மூதூரோ கிண்ணியாவோ, எதுவானாலும் சரி. காத்திருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டுமென்றால், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்கும் ஓர் ஆசிரியை,
திருகோணமலை