சனிக்கிழமை சோல் இரவு: இசைத்தட்டு கொண்டுவருவோர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் 8, சனிக்கிழமை, இங்கிலாந்தின் விகனில் நாம் வழக்கமாகக் கூடும் அரங்கில் சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை) இரவு. தட்டு விற்பனையும் பரிமாற்றமும் மாலை 6 மணிக்கு. நடனம் 8 முதல் 1 வரை.

1. ஒலிக்கப்போவது அசல் 45 தட்டுகள் (நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு தட்டுகள்) மட்டும். மறுபதிப்பை விற்கலாம், உறைமேல் அப்படியே எழுதிவிடுங்கள். கள்ளப்பதிப்பு மேசைக்கே வரக் கூடாது.

2. வாங்குமுன் லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தைப் படியுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் மோனார்க் ஆலைத் தட்டென்றால் சிறு முக்கோணமும் ஓர் எண்ணும் கீறியிருக்கும். 'பெல் சவுண்ட்' என்பது நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றின் இயந்திர முத்திரை. அதைக் கையால் எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். டார்ச், பூதக்கண்ணாடி அவசியம்.

3. ஸ்டைரீன் (வினைலைவிட எளிதில் தேயும் பிளாஸ்டிக்) தட்டுகளைத் தனியாகக் குறித்துக் கொடுங்கள். தொடக்கத்தைப் பிடிக்க ஊசிக்கடியில் முன்னும் பின்னும் சுழற்றினால் அந்த இடம் தேய்ந்து நிரந்தர இரைச்சல் விழும். பளபளவென்று இருந்தும் இரையும் தட்டுகள் ஏராளம். காசு கொடுக்குமுன் போட்டுக் கேளுங்கள். அதற்கென்றே வாசலருகே ஒரு டர்ன்டேபிள் இருக்கும்.

4. அமெரிக்கத் தட்டின் நடுத்துளை பெரிது, சுமார் 38 மி.மீ. துளையை அடைக்கும் அடாப்டர் கொண்டு வாருங்கள்.

5. கால் வழுக்கி ஆடத் தூவும் டால்கம் பவுடர் ஆடும் தளத்தில் மட்டும். தட்டின் பள்ளங்களில் புகுந்தால் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

விகன் கசினோ என்ற சோல் நடன மன்றம் 1981-இல் மூடும்வரை அங்கே இரவை நிறைவு செய்த அந்த மூன்று பாடல்களோடுதான் (டோபி லெஜெண்டின் 'டைம் வில் பாஸ் யூ பை', ஜிம்மி ராட்கிளிஃபின் 'லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்', டீன் பாரிஷின் 'ஐம் ஆன் மை வே') நாமும் முடிக்கிறோம். அவற்றின் அசல் யாரிடம் இருக்கிறது? வருகையையும் கொண்டுவரும் தட்டுகளின் எண்ணிக்கையையும் புதன் இரவுக்குள் இங்கே பதிவிடுங்கள்.