அப்பாவின் பெயரைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன மாதம் நாகர்கோவிலில் அப்பாவுக்கு 75 வயது நிறைந்தது. ஜெபம் முடிந்து, கேக் வெட்டி, பிரியாணிக்கு இலை போடுவதற்கு முன்னால், இரண்டு வருஷமாகச் சேர்த்து அச்சடித்த 40 பக்கப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன். அட்டையில் அவர் பெயர் மட்டும்தான்: வாஷிங்டன். அந்த 40 பக்கத்தில் நானாகக் கண்டுபிடித்தது அரைப் பக்கம்கூடத் தேறாது. மீதி முழுக்க நீங்கள் தேடித் தந்தது. ஆளாளுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தால் அடுத்த கிறிஸ்துமஸ் வந்துவிடும் என்பதால், ஊரறிய ஒரே மடலாக எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் லிங்கன், எடிசன், நெல்சன் என்று பெயர் வைப்பது சகஜம். தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். மூத்த பிள்ளைக்கு வாஷிங்டன், இளையவருக்கு லிங்கன் என்று வைத்துவிட்டார். எனக்கு அப்பா பெயர் வெறும் இனிஷியல், 'வா.' என்று முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுத்தபோது அதை விரித்து, சர்நேம் கட்டத்தில் எழுதினோம். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் வந்து இறங்கியபோது நான் மிஸ் வாஷிங்டன் ஆகியிருந்தேன். சண்டர்லேண்டை ஒட்டியிருக்கும் ஊரின் பெயரே வாஷிங்டன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் நன்றி, என் வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு. பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும். வாஷிங்டன் ஊர்ச் சுரங்கத்தில், 'எஃப் பிட்' என்பார்கள், 1968இல் அதை மூடும்வரை நிலக்கரி வெட்டியவர். பிரஷர் பார்க்கக் கையில் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். என் பேட்ஜை உற்றுப் பார்த்துவிட்டு, "பெட், நீ எங்க ஊர்க்காரியா?" என்றார். இந்தப் பக்கத்தில் எல்லாரையும் 'பெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். நம்மூர் 'மக்ளே' மாதிரி. "இல்லை, இது அமெரிக்க ஜனாதிபதி பேரு" என்றேன். "ஜனாதிபதி பேர் இல்ல பெட், ஜனாதிபதிக்குத்தான் எங்க ஊர்ப் பேரு" என்று திருத்தினார். அன்று அவர் பிரஷர் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டியது.

அடுத்த லீவு நாளில் அந்த ஊரில், வாஷிங்டன் குடும்பத்தின் பழைய வீடு இருந்த இடமான 'ஓல்ட் ஹால்' வீட்டுக்குப் போனேன். அங்கே தன்னார்வலராக இருக்கும் அம்மா என்னை நேராகச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய், இரண்டு கல் வளைவுகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வீடு 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டியது; வளைவுகள் மட்டும் அதற்கும் முந்தைய பழைய வீட்டிலிருந்து மிஞ்சியவை. கல் சில்லென்று, ஓரத்தில் கொஞ்சம் பொடிந்து, விரலில் மணலாக ஒட்டியது. இதே வீட்டில் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழைக் குடும்பங்கள் பல ஒண்டுக்குடித்தனம் இருந்திருக்கின்றன. குடியிருக்க லாயக்கில்லை என்று இடிக்கப் போனபோது, 1936இல் ஃபிரெட் ஹில் என்ற உள்ளூர் வாத்தியார் ஆள் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார். உலகம் முழுக்க வாத்தியார்கள் இந்தப் பெயரை விடமாட்டார்கள் போல.

உள்ளூர் வரலாற்றில் ஊறிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரையும் எனக்கு அறிமுகம் செய்துவைத்தது அந்த அம்மாதான். அவருக்கு நான் பட்ட கடன் பெரிது. லத்தீனில் இருந்ததை எனக்குப் புரியும்படி அவர் சொன்னது இது. 1183இல் டர்ஹாம் பிஷப் தன் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிவைத்த 'போல்டன் புக்' என்ற ஏட்டில், ஹெர்ட்பர்ன் ஊர் வில்லியம் என்பவர் அந்த ஊரைக் கொடுத்துவிட்டு மாற்றாக வெஸ்ஸிங்டன் ஊரை வாங்கிக்கொண்ட விவரம் இருக்கிறது. வருஷத்துக்கு 4 பவுண்டு குத்தகை. அதோடு, பிஷப் பெருவேட்டைக்குப் போகும்போது நான்கு வேட்டை நாய்களோடு கூடப் போக வேண்டும். நிலம் மாறியதும் ஆளின் பெயரும் மாறியது. ஹெர்ட்பர்ன் வில்லியம், வெஸ்ஸிங்டன் வில்லியம் ஆனார். அந்த வெஸ்ஸிங்டன்தான் எழுத்து தேய்ந்து வாஷிங்டன். ஒரு பண்டமாற்றுக்குப் பிறந்த பெயர்!

'டன்' என்றால் வேலி போட்ட பண்ணை, குடியிருப்பு. வாஸா அல்லது அதைப் போன்ற பெயருள்ள யாரோ ஒரு பழைய ஆங்கிலேயரின் ஆட்கள் இருந்த பண்ணை என்பது பெயரின் பொருள். குமரி மாவட்டத்தில் பிறந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆளின் பேரோடு 'விளை' சேர்ந்து எத்தனை ஊர் நம்மிடம்! 'வாஸாவிளை' என்று அப்பாவிடம் போனில் சொன்னேன். இரணியலுக்குப் பக்கத்திலா என்று கேட்டார்.

டர்ஹாம் கதீட்ரலுக்குக் காரோட்டிக் கூட்டிப்போன வார்டு சிஸ்டருக்கும் நன்றி, பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. இந்தக் குடும்பத்து ஜான் 1416 முதல் 1446 வரை அங்கே மடத்தலைவராக இருந்தவர். அவர் அறியாத தேசங்களில் அவர் குடும்பம் அழியாப் பேர் பெற்றது என்று முற்றத்துச் சுவரில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். அதைப் போட்டோ எடுத்தபோது நான் நினைத்துக்கொண்ட 'அறியாத தேசம்' அமெரிக்கா ஒன்றுதான்.

லங்காஷயரின் வார்ட்டன் கிராமத்துக்குப் போன கிளையைப் பற்றிப் புத்தகத்தில் இரண்டு பக்கம் இருக்கிறது, இங்கே சுருக்கிக்கொள்கிறேன். அந்த வார்ட்டனில் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே போய், கம்பளி வியாபாரத்தில் சம்பாதித்து, நார்த்தாம்ப்டன் மேயராகி, எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து நிலங்களை விற்ற சமயத்தில், 1539இல் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அவர் வழியில் வந்த இன்னொரு லாரன்ஸ் எசெக்ஸில் பர்லே என்ற ஊரின் பாதிரியார். உள்நாட்டுப் போரில் ராஜா பக்கம் நின்ற குடும்பம். குடிகாரர் என்று குற்றம் சாட்டி 1643இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சொத்தும் மரியாதையும் போன பாதிரியாரின் மகன் ஜான், 'ஸீ ஹார்ஸ்' என்ற கப்பலில் வேலைக்குச் சேர்ந்து 1656இல் வர்ஜீனியாவுக்குப் போனார். புகையிலை ஏற்றித் திரும்ப வேண்டிய கப்பல் பொட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது. ஜான் அங்கேயே தங்கி, ஆன் போப் என்ற பெண்ணைக் கட்டி, மாமனார் வகையில் 700 ஏக்கரும் பெற்றார். ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா இவர்தான்.

இந்த ஜானைப் பற்றி ஆசிரியர் தந்த ஒரு கதையை விட மனசில்லை. எட்வர்ட் பிரெஸ்காட் என்ற கப்பல் முதலாளி, எலிசபெத் ரிச்சர்ட்ஸன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லி நடுக்கடலில் தூக்கிலிட்டதாக மேரிலாந்தில் புகார் கொடுத்தவர் ஜான். 1659இல் விசாரணைக்குத் தேதி வந்தது. வர முடியாது, அன்று என் மகனுக்கு ஞானஸ்நானம், ஞானப் பெற்றோரையும் விருந்தாளிகளையும் கூப்பிட்டாகிவிட்டது என்று எழுதிவிட்டார்! சாட்சி இல்லாததால் பிரெஸ்காட் விடுதலை. இதைப் படித்துவிட்டு அம்மா "பாவம் அந்தப் பொம்பள" என்று மட்டும் சொன்னார். அவருக்குக் கடைசிவரை ஜானைப் பிடிக்கவில்லை.

இதோடு புத்தகம் முடிந்தது என்று நினைத்தேன். வில்லியத்தில் தொடங்கி ஜார்ஜ் வரைக்கும் ஒரு வம்ச மரம் வரைந்து, அழகாகப் பச்சை மையில் இலைகூடப் போட்டேன். அதை அனுப்பிவைத்தது, எங்களோடு ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குத் திரும்பிய தோழிக்கு. கறுப்பினப் பெண். அவளுக்கும் சர்நேம் வாஷிங்டன். ஒரே வார்டில் இரண்டு வாஷிங்டன் இருந்து மருந்து சார்ட்டில் கையெழுத்துக் குழப்பம் வந்த நாட்கள் உண்டு. அவள் திருப்பி எழுதியது ஒரே வரி: "மரம் நல்லா இருக்கு. எங்க ஆளுங்க எங்கே?"

அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடலில் மிகப் பெரிய நன்றி. ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வாஷிங்டன் என்ற சர்நேம் உள்ளவர்கள் 1,63,036 பேர். அதில் 90 சதவீதம் கறுப்பினத்தவர். நான் வரைந்த மரத்தில் அவர்களில் ஒருவருக்கும் கிளை இல்லை. அவள் தன் குடும்பத்தைத் தேடிய கதையையும் சொன்னாள். 1870 கணக்கெடுப்பு வரை போகலாம். அதற்கு முன், 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், இவ்வளவுதான். பேர் இருக்காது. பிஷப்பின் வேட்டை நாய்கள் எத்தனை என்று 1183லேயே எழுதிவைத்த உலகம் இது.

ஹாரி வாஷிங்டனைப் பற்றி எனக்குச் சொன்னதும் அவள்தான். காம்பியா ஆற்றுப் பக்கம் பிறந்தவர். ஜார்ஜ் வாஷிங்டன் 1763இல் விலைக்கு வாங்கிய அடிமைகளில் ஒருவர். ஒருமுறை ஓடிப் பிடிபட்டு, 1776இல் மறுபடி ஓடி, பிரிட்டிஷ் படையில் சேர்ந்துவிட்டார். முதலாளி சுதந்திரப் போர் நடத்த, அடிமை தன் சுதந்திரத்துக்கு எதிர்ப்படையில் சேர்ந்தார். 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, வயது 43 என்று. போய்ச் சேர்ந்தது கனடாவின் நோவா ஸ்கோஷியா. குளிரும் பட்டினியும் தாங்காமல், 1792 ஜனவரியில் 15 கப்பல்களில் ஏறக்குறைய 1,200 பேர் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குத் திரும்பியபோது அவரும் போனார். அங்கே நிலவரியை எதிர்த்து 1800இல் நடந்த கலகத்தில் சேர்ந்ததற்காக ஃப்ரீடவுனிலிருந்து நாடு கடத்தப்பட்டார். அதே 1792 மே மாதம், குலச்சின்னங்களைப் பதியும் லண்டன் அதிகாரி ஐசக் ஹெர்ட் கேட்டதற்கு ஜார்ஜ் வாஷிங்டன் பதில் எழுதுகிறார்: முன்னோர் இங்கிலாந்தின் வடபகுதியில் எங்கிருந்தோ வந்தவர்கள், இந்த விஷயத்தில் நான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று. ஒருவருக்கு மூதாதையரைப் பற்றிக் கவலையே தேவைப்படவில்லை. அதே பெயருள்ள இன்னொருவர் அட்லாண்டிக்கை இரண்டாம் முறை தாண்டிப் பிறந்த கண்டத்துக்கே போய்விட்டார். டர்ஹாம் கல்வெட்டின் 'அறியாத தேசங்களை' அதற்குப் பிறகு நான் வேறு மாதிரி வாசிக்கிறேன்.

புக்கர் டி. வாஷிங்டனைப் பற்றிய பக்கத்தை எழுதச் சொன்னது என் மகள். 1856இல் அடிமையாகப் பிறந்து, பெரிய கல்வியாளரானவர். விடுதலைக்குப் பிறகு முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர், இவருக்கு ஒன்றுதான். வாத்தியார் தன்னிடம் வருவதற்குள் யோசித்து, 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லிவிட்டார். அவருடைய வளர்ப்புத் தகப்பனாரின் சர்நேம் ஃபெர்கூசன், முதல் பெயர்தான் வாஷிங்டன். "அம்மா, இது உன் பாஸ்போர்ட் கதைதானே?" என்றாள் மகள். பச்சை இலை போட்ட மரத்தை அன்று ராத்திரியே எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இரண்டு பக்கத்துக்கு ஒரு உலகப் படம். அதில் டர்ஹாமிலிருந்து புறப்படும் கோடு ஒன்று, காம்பியாவிலிருந்து ஒன்று, நாகர்கோவிலிலிருந்து பொடியாக ஒன்று. படத்தை வரைந்து கொடுத்த என் வீட்டுக்காரருக்கு நன்றி. ஆப்பிரிக்காவைக் கொஞ்சம் ஒல்லியாகப் போட்டுவிட்டார், பரவாயில்லை.

அப்பாவின் ஞானஸ்நானப் பதிவைத் தேடிச் சபை அலுவலகத்துக்கு மூன்று தடவை நடந்த லிங்கன் சித்தப்பாவுக்கும் நன்றி. பூச்சி அரித்தது போக 'வாஷிங்' வரைக்கும் நன்றாகத் தெரிகிறது. எழுத்துப் பிழை பார்த்த தமிழ் டீச்சர் அக்காவுக்கும், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அச்சடித்துக் கொடுத்த நாகர்கோவில் பிரஸ்காரர் அண்ணனுக்கும் தனியாக வந்து சொல்கிறேன். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மகள் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சுரங்கத்துப் பெரியவர் புத்தகம் வருவதற்கு முன்பே போய்விட்டார். அவர் மகளிடம் ஒரு பிரதி கொடுத்தேன்; படங்களை மட்டும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அப்பா புத்தகத்தை மூன்று நாளில் படித்து முடித்தார். பிஷப், கப்பல், ஹாரி எதைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. ஓல்ட் ஹால் படத்தை மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "சுவரெல்லாம் பாசி பிடிச்சு கெடக்கு மக்ளே. நம்ம பேருள்ள வீடு. வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்கச் சொல்லு."

அந்தத் தன்னார்வலர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
வா.
சண்டர்லேண்ட்