கூரைச் சாளரத்துக்கு முன் கணக்குக்குக் கொடுங்கள்

அன்புடையீர்,

வாசிகசாலைக் கூரையில் இரண்டு சாளரங்கள் எழுப்பி, பட்டப்பகலிலும் விளக்கு எரியும் வாசிப்பு மண்டபத்துக்கு வெளிச்சம் கொண்டுவரப் பொதுக்கூட்டம் முடிவெடுத்தது தெரிந்ததே. சாளரங்களுக்கு உபயகாரர் கிடைத்துவிட்டார்கள். நாங்கள் இப்போது கேட்பது, அவற்றைத் தாங்கப்போகும் மரச்சட்டகங்களின் பாரத்தைக் கணக்கிட்டுப் பொறியியலாளர் முத்திரையிடும் வரைபடத்துக்கு.

"தாளுக்கா இவ்வளவு காசு?" என்கிறார்கள் சிலர். ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள். 60 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் சட்டகங்கள் நிற்கின்றன. மூட்டுக்கு மூட்டு பல்தகடு, அதாவது பற்களுள்ள உலோகத் தகடு, அழுத்தி இறுக்கியிருக்கிறது. உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கட்டையை அறுத்தாலே முழுச் சட்டகமும் வலுவிழக்கும். "வெட்டிவிட்டுப் பலகை அடித்தால் போதும்" என்ற யோசனையைக் குழு ஏற்காதது அதனால்தான்.

ரொறன்ரோ நகர மையத்துக்குக் கட்டட விதிக்கோவை தரும் தரைப்பனிப் பாரம், அதாவது தரையில் சேரும் பனியின் பாரம், 0.9 கிலோபஸ்கால். அதில் ஐந்தில் நான்கு பங்கு கூரையில் தங்குவதாகக் கொண்டு, பனியில் ஊறும் மழைக்கு 0.4 கூட்டினால் 1.12 கிலோபஸ்கால், அதாவது சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 114 கிலோ. நமது கூரை 9 மீற்றர் அகலம். ஆக, ஒவ்வொரு சட்டகமும் பனிக்காக மட்டும் 600 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டும். 2.4 மீற்றர் சாளரத்துக்கு மூன்று சட்டகங்களை இடையில் வெட்ட வேண்டியிருக்கும். அவற்றின் சுமை இருபுறச் சட்டகங்களுக்குப் பாதிபாதியாகப் போனால், ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டரைச் சட்டகப் பாரம். சாளரச் சுவரும் கண்ணாடியும் தனி. காற்று அதன் ஓரமாக ஒதுக்கிக் குவிக்கும் பனி அதற்கும் மேல். இவ்வளவையும் கூட்டியபின் பனியை 1.5ஆலும் கட்டுமானத்தின் சொந்த எடையான நிலைப்பாரத்தை 1.25ஆலும் பெருக்கச் சொல்கிறது விதிக்கோவை. பக்கச் சட்டகங்களை இரட்டையாக்குவதா, மூன்றாகப் பிணைப்பதா, கீழே சுவரும் அத்திவாரமும் அதைத் தாங்குமா என்பதெல்லாம் கணக்கு முடிந்த பிறகே தெரியும். நகரசபையின் அனுமதியைப் பெறவும் அந்த முத்திரை வேண்டும்.

தேவை 5,200 டொலர். சாளரத்தில் பெயர் பொறிக்கலாம், கணக்குத் தாளில் முடியாது. பணம் சேராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். 20 டொலரும் பெரிய உதவியே. காசாகவோ காசோலையாகவோ வாசிகசாலை மேசையில் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். நாம் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் அல்ல. வருமான வரிச் சலுகைக்கு அந்தச் சீட்டு உதவாது. மிஞ்சும் பணம் சட்டக வேலைக்கே போகும்.

இங்ஙனம்,
வாசிகசாலைக் கட்டடக் குழு