இன்னொரு பேட்டரி வாங்காதே

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குக் கோவையில் காலேஜ் சீட் கிடைத்ததைப் பற்றி இரண்டு வரி, பைக்கைப் பற்றி இரண்டு பக்கம்! நீ மாறவே இல்லை. பையனுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன். புதுப் பேட்டரி போட்டும் காலையில் செல்ஃப் 'டிக் டிக்' என்று நின்றுவிடுகிறது, மெக்கானிக் இன்னொன்று வாங்கச் சொல்கிறார் என்கிறாய். வாங்காதே. வருமானம் வராத வீட்டில் உண்டியலை மாற்றி என்ன ஆகப்போகிறது?

மல்டிமீட்டர் ஒன்று வாங்கு, சில நூறு ரூபாய்தான். முதலில் பேட்டரியைக் கழற்றிக் கடையில் முழுசாக சார்ஜ் ஏற்று. அரைகுறை பேட்டரியை வைத்து அளந்தால் ஒன்றும் பிடிபடாது. இரவெல்லாம் சும்மா வைத்த பிறகும் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்து, பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து, 4000-5000 ஆர்.பி.எம். வரை முறுக்கு. 13.8-லிருந்து 14.5-க்குள் காட்டினால் சார்ஜிங்கில் குறையில்லை. 12.5-லேயே நின்றால் பேட்டரிக்கு எதுவும் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் (ஏ.சி. கரண்டை டி.சி.யாக்கி, வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) கட்டுப்படுத்தவில்லை என்று அர்த்தம். பேட்டரி கொதித்தே சாகும்.

உன் வண்டிக்கு இரண்டாவது வகை என்றுதான் தோன்றுகிறது. எதையும் கழற்றும் முன், எஞ்சினை அணைத்துவிட்டு, எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து வரும் மூன்று வயர்களைப் பிடித்துக்கொண்டே போ. பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். அவை ஆர்.ஆர். யூனிட்டோடு சேரும் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்கை, பிரித்துப் பார். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு துளை மட்டும் உருகி, உள்ளே முனை கறுத்திருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். மழைத் தண்ணீர் இறங்கி முனை துருவேறும், துருவால் தடை கூடும், தடையால் சூடேறும், சூட்டில் முனை இன்னும் தளரும். இதைப் பார்க்காமலேயே காயிலை மாற்றுகிறவர்கள் நிறைய. புதுக் கப்ளர் போட்டால் போதும்; வயரை முறுக்கி டேப் சுற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

கப்ளர் சுத்தமாக இருக்கிறதா? அதைப் பிரித்தபடியே விட்டு, மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது காயில் பக்கத்து வயர்களை இரண்டிரண்டாக அள. வெறும் கையால் முனையைத் தொட்டுவிடாதே. முறுக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும், ஆனால் மூன்று ஜோடியும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இறங்கினால் காயில் போச்சு. எஞ்சினை அணைத்துவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டிக்கு (இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) மாற்றி, ஒவ்வொரு வயரையும் எஞ்சின் பாடியோடு வைத்துப் பார். பீப் அடித்தால் காயில் எர்த் ஆகியிருக்கிறது, அதாவது அதன் கம்பி எஞ்சின் பாடியைத் தொடுகிறது. ரீவைண்டிங் செய்யலாம் என்பார்கள். சூடான ஆயிலில் ஊறுகிற சாமான் அது. நானாக இருந்தால் புதுசுதான் போடுவேன்.

காயிலும் சரி, வயரிங்கும் சரி என்றால் மிச்சம் ஆர்.ஆர். யூனிட்தான்.

அப்புறம் நீ ஆசையாக மாட்டிய அந்த ஃபாக் லைட்டுகள். 55 வாட் பல்பு இரண்டு எரிந்தால் எட்டு ஆம்பியர் போகும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டி என்பதால் சட்டப்படி ஹெட்லைட்டும் எந்நேரமும் எரிகிறது. டிராஃபிக்கில் ஐடிலில் நிற்கும்போது இத்தனைக்கும் கரண்ட் கொடுக்க உன் காயிலால் முடியுமா என்பது சந்தேகம்தான். ஃபாக் லைட்டைப் போட்டும் அணைத்தும் ஒருமுறை அளந்து பார். அணைத்தால் 14, போட்டால் 12.5 என்றால் எந்தக் கோளாறும் இல்லை, கரண்ட் செலவுதான் அதிகம். எல்.இ.டி.க்கு மாறு.

அளந்த எண்களை எழுதி அனுப்பு. ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வருகிறேன்; அதற்குள் சரியாகவில்லை என்றால் நானே வந்து பார்க்கிறேன். தங்கச்சியிடம் மீன் குழம்புக்கு இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி