கழுத்துல உள்ள கருப்ப தேய்க்காத மக்ளே

மக்ளே,

உனக்கு பிசிஓஎஸ், அதாவது சினைப்பை ஹார்மோன் கோளாறுன்னு எழுதி நீ அனுப்புன ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பிளட் ரிப்போர்ட்டையும் நேத்து ராத்திரி கண்ணாடி போட்டு நிதானமா படிச்சேன். போன்ல பேசினா நீ அழுவ, நான் சொல்ல வந்தத மறந்துருவேன், அதான் டைப் பண்ணுதேன். நீளமா இருக்குன்னு பாதியில விட்டுராத, கிராம சுகாதார நர்ஸா ரிட்டயர் ஆவுத வரைக்கும் வீடு வீடா நடந்து இந்த சுகர் கதையத்தான் பேசிட்டு இருந்தவ நான்.

அந்த டாக்டர் உன்ன நிமிந்துகூட பாக்காம வெயிட்ட கொறச்சிட்டு வான்னு அனுப்பிட்டாருன்னு சொன்னியே, உனக்க மாமியாரும் அதையே வேற வாக்குல சொல்லியிருக்காவ. கொறைக்கணும் தான், நானும் அதத்தான் சொல்லப் போறேன். ஆனா ஏன் கூடுச்சுன்னு ஒரு வார்த்த கேக்காம கொறை கொறைன்னா பிள்ள என்ன செய்வா, பட்டினி கெடப்பா, நாலு நாள் கழிச்சு ராத்திரி பிரிட்ஜ திறப்பா.

இன்சுலின் இருக்குல்லா, ரத்தத்துல ஓடுத சுகர செல்லுக்குள்ள அனுப்புதது அதுக்க வேலை. சில பேருக்கு செல்லு அது சொல்லத கேக்காது. காது கேக்காத கெழவி வீட்டு கதவ தட்டுத மாதிரி தான், கேக்கலன்னா இன்னும் ஓங்கித் தட்டணும்லா, அப்பிடி கணையம் இன்சுலின கூட்டிக் கூட்டி விட்டுட்டே இருக்கும். உனக்க வெறும்வயித்து சுகர் 96 தான், அத பாத்து நார்மல்னு எல்லாரும் சந்தோசப்பட்டாச்சு. அந்த 96-ல நிப்பாட்டி வைக்க கணையம் எவ்வளவு பாடுபடுதுன்னு அந்த நம்பர் சொல்லாது பாத்துக்க.

கூடுன இன்சுலின் சும்மாவும் இருக்காது. ஓவரியில போயி ஆண் ஹார்மோன கூடுதலா சுரக்க வைக்கும். அந்த ஹார்மோன பிடிச்சு வைக்கதுக்கு ஈரல் ஒரு புரதம் செய்யும், அதையும் கொறச்சு விட்டுரும். பொறவு முட்டை ஒழுங்கா முத்தாது, பீரியட்ஸ் தள்ளிப் போவும், தாடையில முடி வரும், கொழுப்பு எல்லாம் வயித்தச் சுத்தி போயி சேரும், அந்த வயித்துக் கொழுப்பு இன்சுலின் பேச்ச இன்னும் கேக்க விடாது. இதத்தான் பிசிஓஎஸ்னு எழுதியிருக்காவ. வெயிட்டால இது வந்துதா, இதால வெயிட்டு வந்துதான்னு கேட்டா, ரெண்டும் ஒண்ண ஒண்ணு ஊட்டி வளக்குது. மெலிஞ்ச பிள்ளைகளுக்கும் பிசிஓஎஸ் வருது, அத உனக்க மாமியார் கிட்ட சொல்லு.

கழுத்துக்குப் பின்னால கருப்பா இருக்குன்னு சித்தி எலுமிச்சம்பழமும் கடலமாவும் தேய்க்கச் சொன்னாளே, நிறுத்து அத. அது அழுக்கு இல்ல பிள்ளே. இன்சுலின் கூடி நிக்கும்போ தோலும் தடிச்சு கருக்கும், அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்னு பேரு. இன்சுலின் எறங்குனா அதுவும் மெதுவா மங்கும், தேச்சா தோலு தான் உரியும்.

இனி நம்ம குடும்பத்துக்கு வருவோம். சித்தி தடிச்சவ, அவளுக்கு சுகர். உனக்க அம்மச்சி கடைசி வரைக்கும் மெலிஞ்சு தான் இருந்தா, மரச்சீனிக் கிழங்கும் சாளக்கறியும் தின்னுட்டு வயல்ல நின்னவ, அவளுக்கும் சுகர். தடிச்சாத்தான் சுகர்னா அம்மச்சி எந்தக் கணக்குல வருவா? ஜீன்ல ரெண்டு வழி இருக்கு. 2006-ல ஐஸ்லாந்து ஆராய்ச்சிக்காரங்க டிசிஎஃப்7எல்2-ன்னு ஒரு ஜீனுக்கும் சுகருக்கும் உள்ள தொடர்ப கண்டுபிடிச்சாங்க, அதுல ஒரு வகை கணையம் இன்சுலின் விடுதத கொறைக்கும், வெயிட்டுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல. அடுத்த வருசம் எஃப்டிஓன்னு இன்னொண்ணு வந்துது. அத சுகர் ஜீன்னு தான் மொதல்ல நெனச்சாங்க, பொறவு ஒரே வெயிட்டு உள்ளவங்கள ஒப்பிட்டுப் பாத்தா சுகர் சம்பந்தமே காணாமப் போச்சு. அதாவது அது பசிய கூட்டி வெயிட்ட ஏத்தும், வெயிட்டு வழியா சுகர் வரும். சரி, அந்த எஃப்டிஓல வெயிட்ட ஏத்துத வகை அம்மை வழியிலயும் அப்பா வழியிலயும் ரெண்டு காப்பியா வந்தா எவ்வளவு வெயிட்டு கூடும்னு நெனைக்க? சராசரியா ஒரு மூணு கிலோ. இது மாதிரி சின்னச் சின்ன ஜீன் நூத்துக்கணக்குல இருக்கு, ஆனாலும் எல்லாம் தலையெழுத்துன்னு உக்காந்துராத.

அம்மச்சி கதைக்கு இன்னொரு விசயமும் உண்டு. புனேல யாஜ்னிக்னு ஒரு டாக்டர், அவரும் ஒரு வெள்ளக்கார டாக்டரும் சேந்து நிக்குத போட்டோ 2004-ல லான்செட்ங்குத மருத்துவ பத்திரிகையில வந்துது. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த வெயிட்டு கணக்கு, ஒண்ணு போல 22.3. ஒடம்புக் கொழுப்ப அளந்தா வெள்ளக்காரருக்கு 9.1 சதவீதம், நம்ம ஆளுக்கு 21.2. பாக்க மெலிஞ்சிருப்போம், உள்ள கொழுப்பு இருக்கும். அதனால தான் நமக்கு பிஎம்ஐ 23 தாண்டுனாலே கவனிக்கணும்னு வச்சிருக்காவ, பொம்பளைகளுக்கு இடுப்பு 80 செ.மீ. தாண்டப்பிடாது. தராச விட்டுட்டு தையல் டேப்ப எடு.

நீங்க ரெண்டு பேரும் குழந்தைக்கு பாக்குதியன்னு தெரியும், அதான் இவ்வளவு எழுதுதேன். கர்ப்பத்துல நஞ்சுக்கொடி சுரக்குத ஹார்மோனே இன்சுலின் பேச்ச கேக்க விடாது, ஏற்கனவே பாடுபடுத கணையத்துக்கு அது இன்னொரு சொமை. நீ பொறக்கும்போ நாலு கிலோ இருந்த, ஊரே வந்து கன்னத்த கிள்ளிட்டு போச்சு, எனக்கு சுகர் இருந்து தான் நீ பெருத்தியோ என்னமோ, அப்ப இஞ்ச எல்லா கர்ப்பிணிக்கும் சுகர் பாக்குத வழக்கம் இல்ல. 2007-ல தான் தமிழ்நாட்டுல கட்டாயம் ஆச்சு, சென்னை டாக்டர் சேஷய்யா அதுக்கு ரொம்ப பாடுபட்டாரு. பொறவு நான் எத்தன பிள்ளைகளுக்கு அந்த 75 கிராம் குளுக்கோஸ கலக்கிக் கொடுத்திருப்பேன்! கர்ப்பத்துல சுகர் வந்தவளுக்கு பிரசவத்துக்குப் பொறவு நம்பர் எறங்கிரும், ஆனா பின்னால டைப் 2 சுகர் நோய் வாரதுக்கு வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல. எனக்கு மாதவிடாய் நின்ன சமயம் ஈஸ்ட்ரோஜன் எறங்கி இடுப்பு பெருத்து சுகரும் வந்துது, அது தனிக் கத, விடு.

கேட்டியா, இப்ப செய்ய வேண்டியது. வெறும்வயித்து சுகர் மட்டும் பாத்தா பிசிஓஎஸ் உள்ளவளுக்கு பாதி கத தப்பிரும். குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு பாக்குத டெஸ்ட எழுதித் தரச் சொல்லு. 140-ல இருந்து 199 வரைக்கும்னா சுகரோட வாசல்ல நிக்க, 200-ன்னா வந்தாச்சு. மூணு மாச சராசரி சுகர சொல்லுத எச்பிஏ1சியும் பாரு, 5.7-க்கு கீழ இருக்கணும். மெட்ஃபார்மின் எழுதினா பயந்துராத, அது செல்லு இன்சுலின் பேச்ச கேக்கதுக்குத் தான்.

நீ 74 கிலோ. அதுல அஞ்சு சதவீதம், நாலு கிலோகூட இல்ல, அது எறங்குனாலே நெறய பேருக்கு பீரியட்ஸ் ஒழுங்காவுது. அம்பது கிலோ ஆவணும்னு உன்ன யாரும் கேக்கல, கேட்டா எனக்கு போன் போட்டு கொடு. சோத்த நிறுத்தாத, பாதியாக்கி மீனும் பயறும் தோரனும் கூட்டு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பொறவு மாப்பிள்ளையையும் கூட்டிட்டு நடங்க, அவரும் இஞ்ச இருந்ததவிட தடிச்சு தான் தெரியுதாரு.

டெஸ்டுக்கு மொத நாள் ராத்திரி சாப்பிட்ட பொறவு பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் எடுக்காத. குளுக்கோஸ் தண்ணி குமட்டும், அஞ்சு நிமிசத்துல மெதுவா குடிச்சு முடி, ரெண்டு மணி நேரமும் அங்கன உக்காந்தே இரு, கடைக்கு நடந்துராத. ரிசல்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு, மொதல்ல எனக்கு, பொறவு சித்திக்கு. கீழ வீட்டு அண்ணன் ஷார்ஜா வாராவ, சம்பா அரிசியும் நெத்திலிக் கருவாடும் கொடுத்து விடுதேன். முந்திரிக்கொத்தும் வைக்கேன், ஆனா எண்ணித் தான் வைப்பேன், மாப்பிள்ளைக்கும் சேத்து.

அம்மா